இண்டக்ஷன் அடுப்புக் கண்ணாடிக்கு மேட் போடவேணுமோ? மரீன் டிரைவ் தங்கச்சிக்கு ஒரு பதில்

முதல்ல கேள்வியை ஒருக்கா சொல்லிவிடுறன், அப்பதான் வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். தங்கச்சி ஒராள் கொழும்பு வெள்ளவத்தையில மரீன் டிரைவ் பக்கம் ஒரு வாடகை ஃபிளாட்டுக்கு வந்து ரெண்டு மாசம். குசினியில கேஸ் இல்லை, மேசைக்கல்லோட சேத்துப் பதிச்ச ரெண்டு வளைய இண்டக்ஷன் அடுப்புத்தான். அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து நிண்டு சமைச்சுக் குடுத்திட்டுப் போயிட்டா, போனதுக்குப் பிறகு பாத்தா கண்ணாடில மூண்டு நாலு சாம்பல் நிறக் கோடு, நடுவில பழுப்பா ஒரு வட்டம். வீடு விடேக்க ஓனர் எட்வான்ஸ் காசில பிடிச்சுப்போடுவாரோ எண்டு பயம். சிலிக்கன் மேட் வாங்கவோ, பேப்பர் விரிக்கவோ, இல்லாட்டி மேல இன்னொரு கண்ணாடி வைக்கவோ, எண்ணெய் தெறிக்கிறதுக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டிருக்கிறா.

தங்கச்சி, ஒண்டும் வாங்காதேங்கோ. ஒரு நல்ல பருத்தித் துணியும், ஒரு பிளேட் சுரண்டியும் இருந்தாக் காணும். ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கோ.

நான் இந்தப் பக்கம்தான் 18 வருசமா குசினிச் சாமான் திருத்திற வேலை. முந்தி மிக்ஸி, ரைஸ் குக்கர், ஃபேன் எண்டு வரும். 2021 கடைசியில கேஸ் சிலிண்டர் வெடிக்கிற கதை தொடங்கினதும், அடுத்த வருசம் சிலிண்டருக்கு விடிய விடிய கியூவில நிண்டதும், சனம் புறக்கோட்டைக்கு ஓடி இண்டக்ஷன் அடுப்பு வாங்கிச்சுது. வாங்கின கையோட 13 மணித்தியாலக் கரண்ட் கட்டும் வந்தது எண்டது வேற கதை, அதை நினைச்சா இப்பவும் சிரிப்பும் வரும் அழுகையும் வரும். அண்டையில இருந்து என்ர கடைக்கு வாறதில பாதி உந்த அடுப்புத்தான். அதால எத்தினையோ கண்ணாடி பாத்தாச்சு.

முதல் விசயம், உங்கட அந்தச் சாம்பல் கோடு கீறலாவே இருக்காது. விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கால மெல்ல இழுத்துப் பாருங்கோ. நகம் தட்டுப்படாம வழுக்கிக்கொண்டு போனா அது கீறல் இல்லை, சட்டியின்ர உலோகம் கண்ணாடில தேஞ்சு ஒட்டியிருக்கு, பள்ளிக்கூடத்தில பென்சில் கோடு ஒற்றையில ஒட்டுற மாதிரி. அலுமினிய அடிதான் இந்த வேலையைக் கூடச் செய்யும். தனி அலுமினியச் சட்டி இண்டக்ஷன்ல வேலை செய்யாது எண்டு உங்களுக்குத் தெரியும், ஆனா கடையில விக்கிற கனக்கச் சட்டிக்கு அலுமினிய அடியில ஓட்டை ஓட்டையாப் போட்ட ஸ்டீல் தகடு ஒண்டை அமுக்கி வச்சிருப்பாங்கள், 'இண்டக்ஷன் பேஸ்' எண்டு சொல்லுறது அதைத்தான். அந்த ஓட்டைக்குள்ளால அலுமினியம் எட்டிப் பாக்குது. இழுத்து இழுத்துச் சமைச்சா கோடு விழாம என்ன செய்யும்.

போன வருசம் ஒரு அன்ரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, தம்பி கண்ணாடி மாத்த எவ்வளவு முடியும் எண்டு கேட்டா. பாத்தா ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி மாதிரி மின்னுது. நான் ஒண்டும் பேசாமப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில ஒரு தேசிக்காய்ப் பாதி வாங்கி, கோட்டில பிழிஞ்சு, மேல கொஞ்சம் அப்பச்சோடா தூவினன். பொங்கி அடங்கினாப் பிறகு ஈரத் துணியால வட்டம் வட்டமாத் தேய்ச்சன், முதல் தரம் பாதி போச்சு, ரெண்டாம் தரம் முழுக்கப் போச்சு. அன்ரி கண்ணாடிக்குக் கிட்ட மூஞ்சையைக் கொண்டுபோய்ப் பாத்திட்டு "அப்ப நான் ரெண்டு மாசமாப் படுத்துத் தூங்காம இருந்தது இதுக்கோ" எண்டா. காசு வாங்கேல்லை, தேசிக்காய்க்கு மட்டும் தந்தா. நீங்களும் முதல்ல இதைச் செய்து பாருங்கோ, பிறகு ஓனரைப் பற்றி யோசிப்பம்.

நகம் தட்டுப்பட்டா அது உண்மையான கீறல். அது போகாது. பொலிஷ் போடுறன் எண்டு சொல்லி வாற ஆக்களை நம்பாதேங்கோ, தேய்க்கப் போய்ச் சுத்தி வர மங்கிப்போகும்.

சரி, உண்மையான கீறல் எப்பிடி விழுது? இங்கதான் எல்லாரும் பிழையான ஆளைப் பிடிக்கிறது. சட்டியைத்தான் குற்றம் சொல்லுவினம். கடினத்தை அளக்கிறதுக்கு மோஸ் எண்டு ஒரு அளவுகோல் இருக்கு, 1இல இருந்து 10 வரைக்கும், வைரம் 10. இந்த அடுப்புக் கண்ணாடி கிட்டத்தட்ட 6. சாதாரண ஸ்டீல் அதுக்குக் கொஞ்சம் கீழ. அதால துப்பரவான, மட்டமான ஸ்டீல் அடி கண்ணாடியைக் கீறுறது கஷ்டம். உப்பு 2 சொச்சம்தான், உப்புக் கல்லுக் கீறும் எண்டு சொல்லுறதும் அவ்வளவு சரியில்லை. ஆனா கடற்கரை மண்ணு, அந்த மின்னுற குவாட்ஸ் மண், அது 7. கண்ணாடியை விடக் கடினம். ஒரேயொரு மணல் சட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில மாட்டுப்பட்டு, மேல மூண்டு கிலோ சோத்துப் பானை இருந்து, அதை நீங்கள் ஒரு இஞ்சி இழுத்தாலே காணும், வாழ்நாள் முழுக்க நிக்கிற கோடு.

இப்ப நீங்கள் எங்க இருக்கிறியள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மரீன் டிரைவ். யன்னலைத் திறந்தா ரெயில் ரோட்டு, அங்கால கடல். பின்னேரம் காத்தடிக்கேக்க மேசைக்கல்லில கையை வச்சுத் தடவிப் பாருங்கோ, நறுநறு எண்டு இருக்கும். அந்த நறுநறுதான் உங்கட எதிரி. காலி வீதிக்கு அங்கால உள்ளுக்க இருக்கிற வீடுகளில இருந்து வாற அடுப்பை விட, கடல் பக்கத்து வீடுகளில இருந்து வாற அடுப்பிலதான் எனக்குக் கீறல் கூடத் தெரியுது. சொன்னா நம்புவீங்களோ தெரியாது, கண்ணாடியைப் பாத்தே ஆள் எந்தப் பக்கத்து ஒழுங்கை எண்டு சொல்லிப்போடுவன், சில வேளை பிழைக்கும்.

ரெண்டாவது மண், மன்னிக்கோணும், அம்மாவிட்ட இருந்து. ஊரில சட்டி மினுக்கிறது எப்பிடி? தேங்காய்ப் பொச்சும் சாம்பலும். அது நல்ல பழக்கம்தான், விறகடுப்புக் கரி போறதுக்கு அதை விட்டா வேற இல்லை. ஆனா உமிச் சாம்பல் முழுக்கச் சிலிக்கா, விறகுச் சாம்பலுக்கையும் அடுப்படி மண் கலந்திருக்கும். ஊரில இருந்து அம்மா பெட்டியில கட்டிக் கொண்டுவந்த தோசைக்கல்லு இருக்குமே, அதைத் திருப்பி அடியை விரலால தடவுங்கோ. அரம் மாதிரி இருந்தா, பழைய கரியும் மண்ணும் இறுகிக் கிடக்கு எண்டு அர்த்தம். வார்ப்பிரும்புக் கல்லு எண்டா அதன்ர அடியே சொரசொரப்பு. தூக்கி எறியச் சொல்லேல்லை. ஹார்ட்வெயார் கடையில 120 நம்பர் எமரி பேப்பர் ஒரு தாள் வாங்கி, அடியை மட்டும் நல்லாத் தேய்ச்சு மட்டமாக்கி, கழுவித் துடைச்சு, துளி எண்ணெய் பூசி வையுங்கோ. எமரித் தூள் ஒட்டியிருக்கக் கூடாது, அது மண்ணை விட மோசம், அதால ரெண்டு தரம் கழுவுங்கோ.

அதுக்குப் பிறகு ஒரேயொரு பழக்கம். ஒவ்வொரு தரமும் சட்டியை அடுப்பில வைக்க முந்தி, உலர்ந்த துணியால கண்ணாடியை ஒரு இழுப்பு, சட்டி அடியை ஒரு இழுப்பு. மூண்டு செக்கன்ட் வேலை. பிறகு தூக்கி வையுங்கோ, தூக்கி எடுங்கோ. இழுக்கிறது, சுழட்டுறது, ஒரு வளையத்தில இருந்து மற்றதுக்குத் தள்ளுறது, கடலை வறுக்கேக்க தாச்சியைப் பிடிச்சு உலுக்கிறது, இதெல்லாம் கேஸ் அடுப்புக் காலத்துப் பழக்கம். கேஸில இரும்புக் கம்பிச் சட்டத்துக்கு மேல இழுத்தோம், ஆருக்கும் நோகேல்லை. இங்க நோகும். அந்தத் துணியை அடுப்புக்கு மட்டும் வச்சிருங்கோ, மேசை துடைச்ச துணியால துடைச்சா மண்ணைக் கொண்டுபோய்ப் பூசின மாதிரி. இவ்வளவு சின்ன விசயம் எண்டு நினைப்பியள், என்ர வீட்டு அடுப்பு 2022இல இருந்து உந்தத் துணியிலதான் நிக்குது.

இப்ப மேட் கதைக்கு வருவம், ஏனெண்டா எல்லாரும் கேக்கிறது அதைத்தான். அடுப்புக்குள்ள செப்புக் கம்பிச் சுருள் ஒண்டு இருக்கு. வீட்டுக்கு வாற 50 ஹேர்ட்ஸ் கரண்டை உள்ள இருக்கிற சேர்க்கிட் செக்கன்டுக்கு 20,000 தரத்துக்கும் மேல மாறுற கரண்டா ஆக்கி அந்தச் சுருளுக்குள்ள விடுது. அதால வாற காந்தப்புலம் கண்ணாடியைத் தாண்டிப்போய்ச் சட்டி அடியில இருக்கிற இரும்புக்குள்ள கரண்ட் சுழலப் பண்ணி, சட்டியைச் சூடாக்குது. கண்ணாடி தானாச் சூடாகாது, சட்டியின்ர சூடு திரும்பி இறங்கித்தான் சூடாகும். அதால நடுவில ரப்பரோ துணியோ இருந்தாலும் அடுப்பு வேலை செய்யும். 'அப்ப மேட் போடலாம்தானே' எண்டு ஆக்கள் முடிவெடுக்கிறது அதில இருந்துதான்.

போடலாம், ஆனா ரெண்டு விசயம் கவனிக்கவேணும். கண்ணாடிக்குக் கீழ, சுருளுக்கு நடுவில ஒரு சின்ன வெப்ப சென்சர் இருக்கு, மிளகளவு. கண்ணாடி எவ்வளவு சூடு எண்டு பாத்து, சட்டி அளவுக்கு மிஞ்சிச் சூடானா நிப்பாட்டுறது அதுதான். நடுவில ஒரு சிலிக்கன் மேட்டைப் போட்டா அதுக்குக் கம்பளி போத்த மாதிரி. சட்டி நெருப்பாக் கொதிக்கும், சென்சர் 'இன்னும் காணாது' எண்டு இருக்கும். எண்ணெய்ச் சட்டியை வச்சிட்டு ஃபோன் கதைக்கப் போனா, வழக்கமா நிப்பாட்டுற நேரத்துக்கு நிப்பாட்டாது. பல கம்பனி மனுவல்ல கண்ணாடிக்கும் சட்டிக்கும் நடுவில ஒண்டும் வைக்காதேங்கோ எண்டு எழுதியிருக்கிறது இதுக்குத்தான், சும்மா பயப்படுத்தேல்லை.

மற்றது மேட்டே தாங்காது. பெட்டியில 220, 230, 250 பாகை தாங்கும் எண்டு போட்டிருக்கும். சோறு, பருப்பு, சொதி எண்டா தண்ணி இருக்கிறதால சட்டி அடி 100ஐச் சுத்தித்தான் நிக்கும், மேட்டுக்கு ஒண்டும் ஆகாது. வெறும் தோசைக்கல்லுக் கதை வேற. கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒரு கிலோ இரும்புக்கு 2000 வோட்ஸ் விட்டா ஒரு நிமிசத்திலயே 250 பாகைக்குக் கிட்டப் போயிடும். ரெண்டு கிலோக் கல்லெண்டா ரெண்டு நிமிசம். மா கரைச்சு எடுத்துக்கொண்டு திரும்புறதுக்குள்ள மேட் பொசுங்கும். என்னட்ட வந்த ஒரு அடுப்பில மேட் உருண்டையாச் சுருங்கி, கண்ணாடில பிசின் மாதிரி ஒட்டி, அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு காலமை முழுக்கப் போச்சு. அதோட மேட்டுக்கு அடியில மண்ணும் தண்ணியும் போய்ச் சேந்தா, நீங்கள் எந்த மண்ணுக்குப் பயந்து மேட் போட்டியளோ அதே மண்ணை மேட்டே பிடிச்சு வச்சுக்கொண்டு கண்ணாடியைத் தேய்க்கும்.

ஆசைப்பட்டு ஏற்கனவே வாங்கிப்போட்டீங்கள் எண்டா, அவிக்கிறதுக்கும் காய்ச்சிறதுக்கும் மட்டும் போடுங்கோ. மெல்லிசா இருக்கவேணும், டச் பட்டனை மூடக் கூடாது, ஒவ்வொரு நாளும் ரெண்டு பக்கமும் கழுவிக் காயவிடவேணும். பொரியல், தோசை, வறுவல், தாளிக்கிறது, இதுகளுக்கு எடுத்துப்போடுங்கோ. மஞ்சள் பட்டா மேட் மஞ்சளாத்தான் நிக்கும், கண்ணாடி எண்டா துடைச்சாப் போகும். உதுக்குப் பிறகும் மேட் வேணுமோ எண்டு நீங்களே யோசியுங்கோ.

பேப்பர்க் கதையில நான் பாடம் சொல்ல உரிமை இருக்கிற ஆள், ஏனெண்டா நானே சுட்டுக்கொண்டனான். 2022இல வீட்டில புதுசா அடுப்பு வாங்கின கிழமை, எண்ணெய் தெறிக்காம இருக்கட்டும் எண்டு பழைய பேப்பர் ஒண்டை விரிச்சு அதுக்கு மேல கல்லை வச்சன். தண்ணி கொதிக்க வைக்கேக்க வடிவா இருந்தது, பெரிய விஞ்ஞானி எண்டு என்னையே மெச்சிக்கொண்டன். தோசை மூண்டாவது ஊத்தேக்க பிளாஸ்டிக்கும் இல்லாத கரியும் இல்லாத ஒரு மணம். கல்லைத் தூக்கினா பேப்பர் வட்டமாக் கறுத்து, விளிம்பில பொறி ஊருது. தண்ணி தெளிச்சு அணைச்சு, பேப்பரை உரிச்சு எடுத்தாப் பிறகு பாத்தா, ஆரோ ஒருத்தரின்ர மரண அறிவித்தல் கண்ணாடி விம்பத்தில தலைகீழா அடுப்பில பதிஞ்சிருக்கு. மனுசி அண்டைக்கு அடுப்புக்கு மஞ்சள் தண்ணி தெளிச்சிட்டுத்தான் திரும்பச் சமைச்சா. பேப்பர் 230 பாகைக்குக் கிட்ட தானாவே பத்தும், பொரிக்கிற எண்ணெய் 180, 190இல நிக்குது, இடைவெளி எவ்வளவு சின்னன் எண்டு பாருங்கோ. கேத்தல்ல தண்ணி சுட வைக்க ஒரு டிஷ்யூத் தாள் போட்டா பரவாயில்லை. அதுக்கு மேல வேண்டாம்.

இன்னொரு கண்ணாடியை மேல வைக்கிறது வேண்டவே வேண்டாம். உங்கட அடுப்பில இருக்கிறது சூட்டில கிட்டத்தட்ட விரியவே விரியாத ஒரு வகைக் கண்ணாடி, அதுதான் கொதிக்கிற நேரம் பச்சைத் தண்ணி ஊத்துப்பட்டாலும் வெடிக்கிறேல்லை. படச் சட்டக் கடையில வெட்டித் தாற கண்ணாடிக்கு அந்தக் குணம் இல்லை, ஒரு பக்கம் சூடாகி ஒரு பக்கம் குளிர்ந்தா பட் எண்டு போகும். அலுமினிய ஃபொயில் கேஸ் அடுப்பைச் சுத்தி விரிக்கிற மாதிரி இங்க விரிச்சீங்களோ, அந்த மெல்லிசுத் தகடு காந்தப்புலத்தில கண் மூடித் திறக்க முதல் சூடேறி உருகிக் கண்ணாடியோட ஒட்டிப்போடும், அதை எடுக்க என்னாலயும் ஏலாது. மண்சட்டி வைக்கிறதுக்கு எண்டு ஒரு இரும்புத் தட்டு விக்கினம், அதுவும் அப்பிடித்தான். தட்டுச் சிவக்கச் சூடேறி, கண்ணாடிக்குக் கீழ இருக்கிற சேர்க்கிட்டையும் வாட்டும். மண்சட்டி மீன்குழம்புக்கு மனம் கிடந்து துடிச்சா வேற அடுப்புத்தான் பாக்கவேணும்.

இப்ப முக்கியமான எதிரி ஒண்டு, மண்ணுக்கு அடுத்தது. சீனி. பனங்கட்டி, சக்கரை, கித்துள் பாணி, டின்பால், எல்லாம் ஒண்டுதான். எண்ணெய் தெறிச்சா, கறி தெறிச்சா, எப்ப துடைச்சாலும் போகும், அவசரமே இல்லை. சீனி மட்டும் காத்துக்கொண்டு நிக்காது. உருகின சீனி கண்ணாடியோட இறுக்கி ஒட்டும். ஆறேக்க சீனி சுருங்கும், கண்ணாடி சுருங்காது. சுருங்கிற சீனி விட்டுக் குடுக்காமப் பிடிச்சு இழுக்க, கண்ணாடியின்ர மேல்தோலே சின்னச் சின்னச் செதிலாப் பிஞ்சுகொண்டு வரும். கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு வீட்டுக்காரர் கொண்டுவந்தார், தீபாவளிக்குத் தொதல் கிண்டினவையாம். மூண்டு மணித்தியாலம் கிண்டின களைப்பில, வழிஞ்சதைக் காலமை பாப்பம் எண்டு படுத்திட்டினம். விடியக் கத்தி நுனியால கிண்டி எடுத்திருக்கினம். நான் பாக்கேக்க கண்ணாடில நகக்கண் அளவில நாலு பள்ளம், அம்மைத் தழும்பு மாதிரி, ஓரம் கூரா வெளிச்சத்தில மின்னுது. அந்தத் தொதல் துண்டைத் திருப்பிப் பாத்தா அதன்ர அடியில மெல்லிசாக் கண்ணாடிச் செதில் ஒட்டியிருக்கு. அதைச் சாப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் எண்டு நினைக்கக் கூடாது.

அதால இனிப்புச் செய்யேக்க ஒரு சட்டம்: வழிஞ்சா உடன. அடுப்பை நிப்பாட்டி, சட்டியைத் தூக்கி அங்கால வச்சு, கையுறை போட்டுக்கொண்டு, சூட்டோட சூடா பிளேட் சுரண்டியால தள்ளி எடுங்கோ. சுரண்டி எண்டது பெயின்ட் கடையில, ஹார்ட்வெயார்ல இருக்கிற ஒற்றைப் பக்க பிளேட் போட்டது. பிளேட்டைக் கண்ணாடியோட கிட்டத்தட்டப் படுக்கவச்சு, 30 பாகை சரிவில, முன்னால தள்ளவேணும். பிளேட் ஸ்டீல்தான், கண்ணாடியைக் கீறாது, ஆனா மூலையைக் குத்தினா, துருப்பிடிச்ச பிளேட்டைப் பாவிச்சா வேலை கெட்டுது. பிறகு மிச்சத்தைச் சுடுதண்ணித் துணியால துடையுங்கோ. ஆறிப்போச்சு எண்டா கிண்டாதேங்கோ. சுடுதண்ணியில நனைச்ச துவாயைப் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கோ, சீனிக்குத் தண்ணியைக் கண்டாக் கரையத்தான் தெரியும், தேவையெண்டா ரெண்டாம் மூண்டாம் தரமும் நனைச்சுப் போடுங்கோ.

தைப்பொங்கலுக்கு என்ன செய்யிறது எண்டு கட்டாயம் ஆரும் கேப்பினம். பால் பொங்கி வழியாமப் பொங்கலோ? முந்தி மொட்டைமாடியில மூண்டு கல்லு வச்ச ஆக்கள் இப்ப ஃபிளாட் மனேஜ்மென்ட் விடாததால உள்ளுக்கதான் வைக்கினம். எங்கட வீட்டில செய்யிற முறை: பானையில பாலும் தண்ணியும் மட்டும், சக்கரை வாசமே கிட்ட வரக் கூடாது. பொங்கி வர முதலே பவரைக் குறைச்சு, ஒரு பக்கத்தால ஒரு கை வழிஞ்ச உடன நிப்பாட்டிப்போடுவம், கேஸ் மாதிரி இல்லாம இதில நிப்பாட்டின அந்தச் செக்கன்டே பொங்கல் அடங்கும், அது இண்டக்ஷனின்ர பெரிய சுகம். 'பொங்கலோ பொங்கல்' சொல்லி, கும்பிட்டு, பானையைத் தூக்கி அடியையும் கண்ணாடியையும் ஈரத் துணியால துடைச்சு, உலர்த்தி, திரும்ப வச்சு, அதுக்குப் பிறகுதான் அரிசி, பயறு, கடைசியில சக்கரை. சூரியனுக்கும் மனவருத்தம் இல்லை, அடுப்புக்கும் இல்லை.

தெறிக்கிறதைப் பற்றிக் கேட்டிருந்தியள். கண்ணாடில தெறிச்சா அது பிரச்சினையே இல்லை, அதில ஒண்டும் ஊறாது. தெறிக்கிறதுக்குக் காரணம் எண்ணெய்க்குள்ள தண்ணி போறது. மீனைக் கழுவி மஞ்சள் உப்புப் பிரட்டினா, பொரிக்க முந்தி துணியால ஒத்தி எடுங்கோ. மிளகாய் பொரிக்கேக்க வெட்டுவாயில தண்ணி நிக்காமப் பாருங்கோ. இன்னொண்டு, புது ஆக்கள் 2000இலயே வச்சுப் பொரிக்கிறது. கேஸ் மாதிரி நினைச்சு முழுக்கத் திறக்க வேண்டாம், 1200, 1400 வோட்ஸ் காணும், எண்ணெய் காஞ்சாப் பிறகு இன்னும் குறைக்கலாம். கடுகு வெடிக்கிறதுக்கு ஒரு கம்பி வலை மூடி வாங்கி வையுங்கோ, ஆவி போகும், எண்ணெய் நிக்கும், இறுக்கமான மூடி போட்டா மூடியில பட்ட ஆவி திரும்பத் தண்ணியா எண்ணெய்க்குள்ள விழுந்து கூட வெடிக்கும். சோறு பொங்கி வழியிறதும் இப்பிடித்தான், பானையில மூண்டில ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதேங்கோ, கொதி வந்த உடன பவரைப் பாதியாக்குங்கோ. வழிஞ்ச கஞ்சி டச் பட்டனில பட்டா அடுப்பு தன்ர பாட்டுக்குக் கீ கீ எண்டு கத்தி நிண்டுபோகும், அது பழுது இல்லை, துடைச்சாச் சரி. உதுக்கு என்னட்டத் தூக்கிக்கொண்டு வந்த ஆக்களும் இருக்கினம்.

உங்கட நடுவில இருக்கிற அந்தப் பழுப்பு வட்டம், சட்டி அடியில இருந்த எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ஞ்சு அரக்கு மாதிரி இறுகினது. கண்ணாடி நல்லா ஆறினாப் பிறகு அப்பச்சோடாவைக் களி மாதிரிக் குழைச்சுப் பூசி, மேல ஈரத்துணி போட்டு இருபது நிமிசம். பிறகு பிளேட் சுரண்டி, பிறகு துணி. வெள்ளை வட்டமா இருந்தா அது தண்ணிக் கல்சியம், தேசிக்காய் பட்ட உடன போகும். கொழும்புக் குழாய்த் தண்ணியில அது குறைவு, யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில கேத்தலுக்குள்ளயே சுண்ணாம்பு படியிறது தெரியும்தானே. கையில எடுக்கக் கூடாத சாமான்: பச்சை ஸ்க்ரப்பர், கம்பித் தும்பு, சட்டி மினுக்கிற தூள். பச்சை ஸ்க்ரப்பருக்குள்ள அலுமினியம் ஒக்சைட் தூள் இருக்கு, மோஸ் அளவில அது 9, மணலை விடக் கடினம். அதால தேய்ச்ச கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பாத்தா சிலந்தி வலை மாதிரி இருக்கும். அம்மா திரும்ப வரேக்க ஸ்க்ரப்பரை ஒளிச்சு வையுங்கோ, சொல்லிக் கேக்க மாட்டா.

மேசையில தூக்கி வைக்கிற சின்ன அடுப்பு வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. அதன்ர காத்து இழுக்கிற வாய் அடியில இருக்கு. வழிஞ்சா மேசை பழுதாகும் எண்டு அடியில பேப்பர், பிளாஸ்டிக் விரிப்பு போட்டா ஃபேன் அதை இழுத்து வாயை அடைச்சு, உள்ளுக்க வெந்து, ஈ எண்டு ஒரு எழுத்தும் நம்பரும் காட்டிக்கொண்டு நிக்கும். ஒரு பழைய டைல் துண்டு வச்சு அதுக்கு மேல அடுப்பை வையுங்கோ. சமைச்சு முடிஞ்ச உடன சுவரில சுவிச்சை அடிக்காதேங்கோ, ஃபேன் தானா நிக்கட்டும். 2025 பெப்ரவரியில பாணந்துறை மின் உப நிலையத்துக்குள்ள குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் போச்சே, அப்பிடித் திடீரெண்டு போனா உடன சட்டியைத் தூக்கி அங்கால வையுங்கோ, ஃபேன் இல்லாமச் சூடு கீழ இறங்கும்.

கீறலை விட நான் பயப்பிடுறது விழுற சாமானுக்கு. அடுப்புக்கு நேர மேல இருக்கிற அலுமாரியில ஊறுகாய்ப் போத்தல், குக்கர் வெயிட், உரல் உலக்கை ஒண்டும் வைக்காதேங்கோ. இந்தக் கண்ணாடி சூட்டுக்கு ராசா, அடிக்கு நோஞ்சான். முடி அளவில வெடிப்பு வந்தாலும் அண்டையோட சமையலை நிப்பாட்டி மெயின் சுவிச்சை அணையுங்கோ, வெடிப்பால தண்ணி உள்ள போனா ஷொக் அடிக்கும். டேப் ஒட்டிச் சமைச்ச ஆக்களையும் பாத்திருக்கிறன், அதைப் பற்றி எழுதினா இரத்தக் கொதிப்புக் கூடும்.

கடைசியா ஓனர் விசயம். இண்டைக்கே தேசிக்காயும் சோடாவும் போட்டுத் துடையுங்கோ. துடைச்சாப் பிறகு லைட்டைச் சரிவா அடிச்சு, கண்ணாடியை நாலு பக்கத்தாலயும் ஃபோன்ல படம் எடுத்து, ஓனருக்கு வட்ஸ்அப்ல அனுப்பிவிடுங்கோ, 'அங்கிள், அடுப்பு இப்ப இப்பிடி இருக்கு' எண்டு மரியாதையா ஒரு வரி போட்டு. நகம் தட்டுற கோடு உண்மையாவே இருந்தா அதையும் மறைக்காமச் சொல்லுங்கோ. நகத்துக்குத் தட்டுப்படாத ஒண்டுக்கு உங்களிட்ட காசு பிடிச்சா, என்னைக் கூப்பிடுங்கோ, தேசிக்காயோட வாறன்.